அப்பாவுக்கு உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைத்தும் மறுபடி அடைக்கிறது, எடுத்துவிடச் சொல்லலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 69 வயது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையோடு சேரும் இடத்தில் புற்றுநோய். எச்சில் கூட இறங்காத நிலையில் ஒரு மாதம் முன்பு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் உலோகக் குழல்) வைத்தார்கள், அதன் பிறகு கீமோ தொடங்கியிருக்கிறது. முதல் சில நாள் நெஞ்சு வலியில் துடித்தார், அப்புறம் தேறி இட்லி, குழைந்த சாதம் வரை சாப்பிட்டார். இப்போது நான்கு நாளாக மறுபடி தண்ணீரும் இளநீரும்தான் இறங்குகிறது, படுத்தால் புளித்த நீர் வாய்க்கு வருகிறது. திரும்ப எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்கிறார்கள். வைத்ததே தப்பா, எடுத்துவிடச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஆசிட் குடித்துக் குழாய் சுருங்கிப்போன உறவுக்காரப் பையனுக்கும் ஸ்டென்ட் பேச்சு வருகிறது, அவனுக்கும் இப்படித்தான் ஆகுமா என்று ஒரு கேள்வி. இவ்வளவுக்கும் அடியில், நாம் கையெழுத்துப் போட்டதால்தான் அப்பாவுக்கு இந்தக் கஷ்டமோ என்ற உறுத்தல் உங்களுக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. குடல், இரைப்பை மருத்துவத்தில் பல வருடங்களாக இருக்கிறேன், இந்த ஸ்டென்ட்டுகளை வைப்பதும் எடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. ஆனால் அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அவசரமான விஷயம். நான்கு நாளாகத் தண்ணீர் மட்டும்தான் என்றால் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்விடுங்கள். வயதானவர், கீமோ வேறு நடக்கிறது, உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் சீக்கிரமே அடிவாங்கும். போகும்போது ஸ்டென்ட் வைத்த அன்றோ மறுநாளோ எடுத்த எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டென்ட் உலோகம் என்பதால் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே முதுகெலும்பை ஒட்டி மெல்லிய வலைப்பின்னலாகத் தெரியும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது இருந்த இடத்தில் இருக்கிறதா, கீழே இறங்கிவிட்டதா, நடுவில் சரியாக விரியாமல் இடுப்பு போல ஒடுங்கியே நிற்கிறதா என்பதெல்லாம் எண்டோஸ்கோப்பிக்கு முன்பே ஓரளவு பிடிபட்டுவிடும். செலவும் குறைவு.

ஸ்டென்ட் என்பது நிட்டினால் என்ற நிக்கல், டைட்டானியம் கலவைக் கம்பியால் பின்னிய ஒரு குழல். அதைச் சுருக்கி ஒரு மெல்லிய உறைக்குள் அடைத்திருப்பார்கள். அடைப்பைத் தாண்டி ஒரு வழிகாட்டிக் கம்பியை விட்டு, அதன் மேலேயே இந்த உறையைக் கொண்டுபோய், இடம் பார்த்து உறையை உருவினால் ஸ்டென்ட் தானாக விரியும். கட்டிக்கு மேலும் கீழும் குறைந்தது 2 செ.மீ. நீண்டிருக்கும்படி வைப்போம். நடுப்பகுதி 18 முதல் 23 மி.மீ. வரை, முனைகள் இன்னும் கொஞ்சம் அகலம். வைத்த உடனே அது முழுதாக விரிவதில்லை, ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை கட்டியைத் தள்ளித் தள்ளி விரியும். அப்பா முதல் சில நாள் பட்ட வலி பெரும்பாலும் அதுதான். இந்த வலி நிறையப் பேருக்கு வரும், மருந்துக்குக் கேட்கும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நாளாக நாளாக வலி கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சலோடு சேர்ந்து வந்தாலோதான் வேறு காரணம் தேட வேண்டும்.

உலோக ஸ்டென்ட் வருவதற்கு முன்பு கெட்டியான பிளாஸ்டிக் குழாயை அடைப்புக்குள் அழுத்தித் தள்ளுவார்கள், அதற்கு முன்னால் வழியை நன்றாக அகலப்படுத்த வேண்டியிருக்கும், அப்போதே உணவுக்குழாய் கிழிந்துபோகும் ஆபத்து அதிகம். 1993-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 42 நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு வகையையும் வைத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் குழாய் வைத்தவர்களில் 9 பேருக்குச் சிக்கல், உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதன் பிறகு உலகம் முழுக்க உலோகத்துக்கு மாறிவிட்டார்கள். மாறியதும் வேறு தொல்லைகள் தலைகாட்டின, இன்று நாங்கள் பார்ப்பது அவற்றைத்தான்.

சிக்கல் எது என்று யூகிக்க எனக்கு இரண்டு விவரம் வேண்டும், வைத்து எத்தனை நாள் ஆகிறது, எந்த இடத்தில் வைத்தார்கள். முதல் இரண்டு நாளில் என்றால் வலி, துளை, ரத்தக்கசிவு, புரை ஏறுவது, மேல்பக்கம் வைத்திருந்தால் மூச்சுக்குழாய் நெருக்கப்படுவது. வாரங்கள் கழித்து என்றால் நழுவுவது, உணவு சிக்கிக்கொள்வது. மாதங்கள் கழித்து என்றால் கட்டி மறுபடி வளர்ந்து மூடுவது, பக்கத்து உறுப்புக்குள் ஓட்டை விழுவது, பெரிய ரத்தப்போக்கு. இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும் வரும்.

அடுத்து, ஸ்டென்ட்டின் வலை மேலேயே ஒட்டியிருக்கும் உறை (வைக்கும்போது உருவுகிற உறை அல்ல) உண்டா இல்லையா என்பது. வெறும் வலையாக இருந்தால், கம்பி வேலி இடுக்கில் கொடி நுழைவது போலக் கட்டி வலைக் கண்கள் வழியே உள்ளே வளர்ந்து சில மாதத்தில் வழியை மூடிவிடும். அதைத் தடுக்க சிலிக்கோன் மாதிரியான உறை போட்டார்கள். உறை முழுக்க இருந்தால் கட்டி நுழைய முடியாது, ஆனால் சதையில் பிடிப்பும் இருக்காது, வழுக்கி இறங்கும். அதனால் நடுவில் உறை, இரு முனைகளிலும் வெறும் வலை என்று பாதி உறை போட்ட வகையும் வந்தது. அது ஓரளவு பிடித்து நிற்கும், ஆனால் முனைகளில் சதை வளர்ந்து பதிந்துவிட்டால் பிறகு எடுப்பது சிரமம். இதில் எது வேண்டும் என்பதை நோயாளியின் நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். எந்தத் தொல்லையும் தராத ஸ்டென்ட் இதுவரை வரவில்லை.

இப்போது உங்கள் அப்பா. அடிப்பகுதிக் கட்டி என்றால் ஸ்டென்ட்டின் கீழ்முனை இரைப்பைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும், அந்த முனையைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. அதற்கு மேல் கீமோ நடக்கிறது. மருந்து வேலை செய்து கட்டி சுருங்கினால், ஸ்டென்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பிடியும் தளரும். முழு உறை போட்ட வகையாகவும் இருந்துவிட்டால் நழுவுவதற்கான எல்லாக் காரணமும் ஒன்றுசேர்ந்துவிடுகிறது. அதனால் என் முதல் சந்தேகம் ஸ்டென்ட் கீழே இறங்கிவிட்டது என்பதுதான். சந்தேகம்தான், எக்ஸ்ரே பார்த்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். உண்மையில் நழுவியிருந்தால் எண்டோஸ்கோப்பியில் நான்கு வழி இருக்கிறது: மேல்விளிம்பில் உள்ள நூல் வளையத்தைப் பிடித்து மேலே இழுத்து வைப்பது, எடுத்துவிட்டு வேறு வைப்பது, மேலே இன்னொன்றைச் சேர்த்து வைப்பது, அல்லது எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விடுவது. கடைசி வழி நிஜமாகவே யோசிக்க வேண்டியது. கட்டி நன்றாகச் சுருங்கி எண்டோஸ்கோப் தானாகவே உள்ளே போகிறது என்றால் இப்போதைக்கு ஸ்டென்ட் தேவையே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் கேட்ட கேள்வியை உள்ளே போகும் முன்பே மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஸ்கோப் லேசாகப் போனால் மறுபடி வைக்காமல் விட முடியுமா?" மறுபடி வைப்பதாக இருந்தால் கிளிப் போட்டோ தையல் போட்டோ மேல்முனையை நிறுத்துவார்களா என்றும் கேளுங்கள். அப்படிச் செய்தால் நழுவுவது குறைகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது, அடியோடு நின்றுவிடுவதில்லை, செலவும் கூடும்.

என் இரண்டாவது சந்தேகம் உணவு சிக்கியிருப்பது. நான்கு நாள் முன்பு ஒரு குறிப்பிட்ட வேளைச் சாப்பாட்டோடு திடீரென்று அடைத்ததா, இல்லை மெல்ல மெல்லக் குறைந்ததா என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். திடீரென்று என்றால் இதுவாகவும் இருக்கலாம். ஸ்டென்ட்டுக்குள் குழாய் சுருங்கி விரியாது, சாப்பாடு தன் எடையில்தான் கீழே இறங்க வேண்டும். பரோட்டா, காய்ந்த சப்பாத்தி, பிரெட், நாரோடு முருங்கைக்காய், தண்டோடு கீரை, சரியாக வேகாத ஆட்டுக்கறித் துண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் இவையெல்லாம் உள்ளே போய்ச் சுருண்டு நின்றுவிடும். ஸ்கோப்பில் பார்த்தால் ஒரு கீரைத்தண்டின் நார் கம்பி முனையில் மாட்டி, அதன் மேல் இரண்டு நாள் சோறு படிந்து நிற்பதைப் பார்க்கலாம். இதைத் தள்ளிவிடவோ எடுத்துவிடவோ அதிக நேரம் ஆகாது. ஆனால் வீட்டில் மீன்முள்ளுக்குச் செய்வது போல வெறும் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்லாதீர்கள், அடைப்பு இன்னும் இறுகும், புரை ஏறும். சோடா குடித்தால் கரையும் என்பார்கள், நாங்களும் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் குடிக்கச் சொல்வதுண்டு. அதற்குப் பலமான ஆதாரம் இல்லை, வழக்கத்தில் வந்தது. முழுதாக அடைத்து எச்சிலும் இறங்காதபோது அதையும் குடிக்கக் கூடாது. மாத்திரையும் சிக்கும். பெரிய மாத்திரைக்குத் திரவ மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள், மருத்துவரிடம் கேட்காமல் எல்லாவற்றையும் பொடியாக்காதீர்கள், சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்தவை, பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடும்.

கட்டி முனைகளைத் தாண்டி வளர்ந்து மூடுவது மூன்றாவது, ஒரு மாதத்துக்குள் என்பதால் வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் உள்ளேயே இன்னொரு ஸ்டென்ட் வைப்பார்கள்.

புளித்த நீர் வாய்க்கு வருவதற்குக் காரணம் தெளிவு. இரைப்பையில் இருப்பது மேலே வராமல் தடுக்கும் கதவு அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது, அதன் குறுக்கே ஒரு குழலை வைத்தால் கதவு திறந்தே கிடக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தினமும் வேண்டும். அதைவிட முக்கியம், படுக்கும் விதம். தலைக்கு இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இரவுச் சாப்பாடு படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். ராத்திரி இருமல் வந்து எழுந்திருக்கிறார் என்றால் அது நுரையீரலுக்குள் போகிறது, நிமோனியா வரை போகும், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். திரும்பி வராமல் தடுக்க வால்வு வைத்த ஸ்டென்ட்டுகளும் உண்டு. அவை சாதாரண ஸ்டென்ட்டும் மாத்திரையும் சேர்ந்து தருவதைவிட அதிகமாக உதவுகின்றன என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை, அதனால் அதற்காக அலைய வேண்டாம் என்பது என் கருத்து.

ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கிளம்ப வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திடீரென்று தாங்க முடியாத நெஞ்சு வலி, காய்ச்சல், மூச்சு வாங்குவது, கழுத்துத் தோலைத் தொட்டால் உள்ளே காற்றுக் குமிழ்கள் நறநறவென்று நொறுங்குவது போல் தெரிவது என்றால் குழாயில் துளை விழுந்திருக்கலாம். வாயில் ஒன்றும் கொடுக்காமல் கூட்டிப் போங்கள். தண்ணீர் குடித்த உடனே ஒவ்வொரு முறையும் இருமல் வந்தால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓட்டை விழுந்ததா என்று பார்க்க வேண்டும். அந்த ஓட்டை ஸ்டென்ட்டின் உரசலாலும் வரும், கட்டியாலும் வரும், அதை மூடுவதற்கும் பெரும்பாலும் உறை போட்ட ஸ்டென்ட்தான் வைக்கிறோம். மலம் தார் போலக் கருப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்). வாயில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால், கொஞ்சம்தான், நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள். உணவுக்குழாய்க்குப் பின்னாலேயே பெரிய ரத்தக்குழாயான மகாதமனி ஓடுகிறது. கட்டியோ ஸ்டென்ட்டின் விளிம்போ அதை அரித்தால், நெஞ்சு வலியோடு முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து நின்று, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத்தான் பெரிதாகக் கொட்டும். அரிதானது, ஆனால் அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் ஒரே நேரம். அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் இருக்க எதாவது சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வைத்தது தப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். எச்சில் இறங்காத மனிதருக்கு ஓரிரண்டு நாளில் விழுங்கும் வழியைத் திறந்து கொடுக்க இதைவிட வேகமான முறை இல்லை. இன்னொரு வழி, குழாயின் உள்ளேயே கதிர்வீச்சு கொடுக்கும் பிராக்கிதெரபி. 2004-இல் நெதர்லாந்தில் 209 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் சீக்கிரம் பலன் தந்தது, ஆனால் நாள்பட்ட பலன் பிராக்கிதெரபியில்தான் கூடுதல். சிக்கல்கள் ஸ்டென்ட்டில் 33 சதவீதம், பிராக்கிதெரபியில் 21 சதவீதம், அந்த வித்தியாசம் முக்கியமாகப் பின்னால் வரும் ரத்தப்போக்கால். ஆக, மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு சிக்கல் வந்திருக்கிறது. இது நல்ல மருத்துவமனைகளில், கவனமாகச் செய்த இடத்தில். அப்பாவுக்கு வந்திருப்பது அந்தக் கணக்குக்குள் அடங்குவது, நீங்கள் போட்ட கையெழுத்தால் வந்ததல்ல. அந்தக் கையெழுத்தால் அவர் சில வாரம் இட்லி சாப்பிட்டார், கீமோ தாங்கும் அளவுக்கு உடம்பில் தெம்பும் சேர்ந்தது. நம் ஊரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகப் பிராக்கிதெரபி எந்திரம் வைத்திருக்கும் மையங்கள் பல உண்டு, உணவுக்குழாய்க்கும் செய்கிறார்களா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், எல்லோரும் செய்வதில்லை.

மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடம் கதிர்வீச்சு. ஸ்டென்ட் உள்ளே இருக்கும்போதே வெளியிலிருந்து ரேடியேஷன் கொடுப்பதை ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே ரேடியேஷன் எடுத்தவருக்கு ஸ்டென்ட் வைத்தால் பெரிய சிக்கல் கூடுமா என்பதில் சில ஆய்வுகள் ஆம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. நான் அப்படிப்பட்டவர்களுக்கு வைக்கும்போது கூடுதலாக எச்சரித்துத்தான் வைக்கிறேன். அப்பாவுக்கு அடுத்து ரேடியேஷன் திட்டம் இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பல இடங்களில் இரண்டு துறைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது குறைவு, அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உறவுக்காரப் பையனின் விஷயம் முழுக்க வேறு. அவனுக்கு இருப்பது தழும்பால் வந்த சுருக்கம், இன்னும் பல பத்து வருடம் வாழ வேண்டியவன். அப்பாவுக்கு வைத்தது போல நிரந்தரமாக ஒரு ஸ்டென்ட் அவனுக்கு வைக்கவே கூடாது. முதல் வைத்தியம், சில வாரத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பியில் பலூன் அல்லது மெழுகுவத்தி வடிவ டைலேட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துவது. இரண்டு வார இடைவெளியில் ஐந்து முறை செய்தும் 14 மி.மீ. அகலத்தை எட்டவில்லை, அல்லது எட்டியும் நான்கு வாரம் நிற்கவில்லை என்றால்தான் அதைப் பிடிவாதமான சுருக்கம் என்கிறோம், அப்போதுதான் ஸ்டென்ட் பேச்சே எடுக்க வேண்டும். அதுவும் முழு உறை போட்டது, தற்காலிகமாக. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகு வழி நிலைப்பது ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்குத்தான், ஆசிட் தழும்பில் அதிலும் கடினம். எடுக்கும் தேதியை மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டு வருபவர்களைத்தான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. சதை வளர்ந்து ஸ்டென்ட்டை விழுங்கியிருக்கும், இழுத்தால் கிழியும். அப்போது அதற்குள்ளேயே அதே அளவில் முழு உறை ஸ்டென்ட் இன்னொன்றை வைத்து, பத்துப் பதினைந்து நாளில் வளர்ந்த சதை அழுத்தத்தில் கரைந்த பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். நாள்பட்ட ஆசிட் சுருக்கத்துக்குக் குடலை வைத்து மாற்று உணவுக்குழாய் செய்யும் அறுவை சிகிச்சையும் உண்டு, பையனின் வயதுக்கு அதையும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நாளைக்குப் போகும்போது ஒரு தாளில் இதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஸ்டென்ட்டின் பெயர், நீளம், அகலம், உறை முழுசா பாதியா, வைத்த தேதி, மேல்முனை பல்லிலிருந்து எத்தனை செ.மீ. தூரத்தில் இருக்கிறது. இந்த விவரம் இருந்தால் நடு ராத்திரியில் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் பணியில் இருக்கும் மருத்துவர் தடுமாற மாட்டார், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தாலும் அவர்கள் முதலில் கேட்பது ஸ்டென்ட்டின் பெயரைத்தான். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன்.